சாரல் காத்துல பெயின்ட் கன் பிடிக்காதீங்க

கேள்வி: அண்ணே, எனக்கு புளியரை. 2011 மாடல் சில்வர் கலர் கார் வச்சிருக்கேன், பானட்லயும் டாப்லயும் கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத கிளியர் கோட் தோல் தோலா உரியுது. தென்காசில ஃபுல் பெயின்டுக்கு 45,000 கேக்காங்க. மச்சான்கிட்ட கம்ப்ரசர் கிடக்கு, பெயின்ட் அடிக்கிற ஸ்பிரே கன் மட்டும் வாங்கி வீட்டு முத்தத்துலயே அடிச்சிரலாமா?

பதில்: தம்பி, அடிக்கிறதை மட்டும் பெயின்டர்கிட்ட விட்டுருங்க, அதுக்கு முன்னாடி இருக்கிற வேலைல பாதிக்கு மேல நீங்களே செய்யலாம், காசும் அங்கதான் மிச்சமாகும்.

நான் இதைப் பட்டுதான் சொல்றேன். செங்கோட்டைல எங்க வீட்டு தார்சாலுல வச்சு ஒரு பானட்டுக்கு என்.சி. பெயின்ட் (தின்னர் ஆவியானாலே காஞ்சுபோற நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்) அடிச்சேன், ஆடி மாசம், சாரல் விட்டு நல்லா வெயில் வந்துருச்சேன்னு நம்பி ஆரம்பிச்சேன். அடிக்கும்போது பளபளன்னுதான் இருந்துச்சு, கால் மணி நேரத்துல கஞ்சித்தண்ணி ஊத்துன மாதிரி வெள்ளையா பூத்துப்போச்சு. தின்னர் வேகமா ஆவியாகும்போது பெயின்ட் மேல்பக்கம் குளுந்துரும், அந்த குளுர்ச்சில காத்துல இருக்கிற ஈரம் அப்படியே படிஞ்சு உள்ள மாட்டிக்கிடும், அதான் காரணம். ஆரியங்காவு கணவாய் வழியா ஈரக்காத்து வர்ற நம்ம ஊர்ல ஆனி, ஆடில வெட்டவெளில கன்னைத் தொடவே கூடாது. தை பொறந்த பிறகு பரவாயில்ல, ஆனா அப்பவும் தூசியும் பூச்சியும் ஈர பெயின்ட்ல வந்து ஒட்டத்தான் செய்யும்.

அதுலயும் உங்களுது சில்வர். வெள்ளை மாதிரி சாதா கலர்னா சின்னத் தப்பை பாலிஷ்ல சரிக்கட்டிரலாம், மெட்டாலிக்ல அது நடக்காது. உள்ள இருக்கிற அலுமினியத் தூள் எந்தப் பக்கம் சாஞ்சு படுக்குதோ அதைப் பொறுத்துதான் கலரே தெரியும், கன்னை ஒரு இடத்துல கிட்ட பிடிச்சு ஒரு இடத்துல தள்ளிப் பிடிச்சா மேகம் மேகமா திட்டு விழுந்துரும். மச்சானோட கம்ப்ரசர் டேங்க் சின்னதா இருந்தா டாப்புல பாதி போறதுக்குள்ள பிரஷர் இறங்கிரும், காத்தோட சேந்து தண்ணியும் துப்பும்.

எனக்கு இதைவிட பெரிய கவலை உங்க நெஞ்சுதான். இப்போ கிளியர் கோட் எல்லாமே பெரும்பாலும் 2கே, அதாவது ஹார்டனர்னு தனியா ஒண்ணைக் கலந்து இறுக வைக்கிற வகை, அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட்ங்கிற கெமிக்கல் இருக்கு. அந்தப் புகை மூச்சுல போயி ஒருதரம் உடம்புக்கு ஒத்துக்காம ஆஸ்துமா பிடிச்சிட்டா, பிறகு கொஞ்சம் பட்டாலே இழுக்க ஆரம்பிச்சிரும். துணி மாஸ்க்கெல்லாம் எதுக்கும் ஆகாது, அதுக்குன்னு வெளிக்காத்தை குழாய்ல கொண்டுவந்து விடுற மாஸ்க் இருக்கு. முத்தத்துல அடிச்சா பக்கத்து வீட்டு பிள்ளைகளும் அதைத்தானே மூச்சு விடும்? தயவுசெஞ்சு வேண்டாம் தம்பி.

நீங்க செய்யவேண்டியது இதுதான். பெயின்டர்கிட்ட முதல்லயே பேசிருங்க, தேய்ப்பு என் பொறுப்பு, பிரைமரும் அடிப்பும் உங்க பொறுப்பு, ரேட்டை குறைங்கன்னு. அப்புறம் ஓரத்து ரப்பர் பீடிங், லைட், எம்பளம் எல்லாத்தையும் கழட்டிட்டு, உரியுற கிளியரை ஓரம் கையில தட்டுப்படாத அளவுக்கு தேய்ச்சு எடுங்க, மேலோட்டமா விட்டா புது பெயின்டும் அந்த ஓரத்துலயே தூக்கிக்கும். பள்ளத்தை அடைக்க பட்டி போட்ட இடத்தை 80, 180, பிறகு 320ன்னு சொரசொரப்பு குறைஞ்ச உப்புத்தாளா மாத்தி மாத்தி தேய்க்கணும், பட்டி தண்ணியைக் குடிச்சிரும், அதனால அங்க மட்டும் ஈரம் படாம காஞ்ச பேப்பர்தான். கண்ணை மூடிட்டு உள்ளங்கையால தடவிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும். இன்னொண்ணு, உரிஞ்சது பானட்டும் டாப்பும்தான்னா ஃபுல் பெயின்ட் எதுக்கு? அது ரெண்டுக்கு மட்டும் தனியா ரேட் கேளுங்க, பக்கத்துல முன்சக்கரத்துக்கு மேல இருக்கிற ஃபெண்டர்ல கலரை கொஞ்சம் கலந்து இறக்கச் சொன்னா வித்தியாசம் தெரியாது.

கேள்வி: புனலூர்ல இருக்கோம், பழைய சில்வர் காரை சிவப்பா மாத்த ஆசை. யார்கிட்டயாவது சொல்லணுமா?

பதில்: கண்டிப்பா சொல்லணும்மா. ஆர்.சி. புக்ல இருக்கிற கலரும் வண்டி கலரும் ஒண்ணா இருக்கணும், அதனால அடிக்கிறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அனுமதி வாங்கி, அடிச்ச பிறகு புக்லயும் மாத்திருங்க, இன்சூரன்ஸ்காரங்களுக்கும் தெரியப்படுத்துங்க. அதே கலரையே திரும்ப அடிக்கிறதுன்னா இந்த அலைச்சல் இல்ல. கதவுக்கு உள்பக்கம், டிக்கி ஓரம், பானட்டுக்கு அடியில எல்லாம் சிவப்பு வரணும்னா கூலி நிறைய ஏறும், அதையும் ரேட் பேசும்போதே கேட்டுருங்க.