பேரிங்கைப் பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: என் பெட்ரோல் பக்கி (பிக்கப் வண்டி) 2,30,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறும்போது அடியில் தட்டுகிறது. சூடானபின் ஐடிலில் ஆயில் லைட் மினுக்குகிறது. ஒரு மெக்கானிக், கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கைப் பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் ஜப்பானிலிருந்து வரும் பழைய இன்ஜின் போடச் சொல்கிறார். எது சரி? (வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: முதலில் வண்டியை நிறுத்துங்கள் ஐயா. ஆயில் அளவு சரியாக இருந்தால், ஆயில் பிரஷர் சென்சாரைக் கழற்றி அங்கே கேஜ் மாட்டி, சூடான இன்ஜினில் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். சென்சார் கெட்டாலும் லைட் மினுக்கும். அப்புறம் ஆயில் ஃபில்டரை அறுத்து வெயிலில் விரியுங்கள். மினுமினுக்கும் தூள் காந்தத்தில் ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் பேரிங் தூள்தான்.

பார்ப்பதா மாற்றுவதா என்பதெல்லாம் சம்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டியை) கழற்றும் வரைதான். கழற்றியபின் பழைய ஷெல்லை (பேரிங்கின் அரைவட்டத் தகட்டை) திரும்பப் போடுவது வீண் கஞ்சத்தனம். கூலிதான் பெரிய செலவு. உண்மையில் பார்க்க வேண்டியது கிராங்க். நகத்தால் குறுக்கே வருடும்போது கோடு தட்டுப்பட்டால், அளவெடுத்து, கிரைண்டிங் செய்து, மெலிந்த கிராங்குக்கு ஏற்ற 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் ஷெல் போட வேண்டும். ஷெல்லுக்கும் கிராங்குக்கும் நடுவே ஆயில் படலம் நிற்க, கம்பெனி சொன்ன அளவில் மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். 'எமரி தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன்' என்பவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்குகிறவரும் அதே ரகம்தான்.

ஜப்பான் இன்ஜின் தரகர் '60,000 கி.மீ.தான் ஓடியது' என்பார். மீட்டர் இல்லாமல் வந்த இன்ஜினுக்குக் கணக்கு யார் சொன்னது?

ஷெல்லை மாற்றினால் மட்டும் போதாத ஒரு நிலையும் உண்டு. ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீரோ கூலன்டோ கலந்திருக்கிறது. 2022 ஏப்ரல் டர்பன் வெள்ளத்தில் நனைந்த வண்டியை விவரம் சொல்லாமல் தலையில் கட்டியிருந்தாலும் இதைப் பாருங்கள். அப்போது ஷெல் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். ஆனால் முதலில் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்பை) சோதித்து, கசிவை அடைத்து, ஆயில் வழிகளைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் புது ஷெல்லும் போகும். குளிர்காலத்தில், குறைந்த தூரமே ஓடும் வண்டியில், ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் ஒட்டும் கொஞ்சம் பாலாடை போன்ற படிவுக்குப் பயப்பட வேண்டாம். டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியிலும்) அதே நிறமா என்று பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவுப்படி, கழற்றிய பாகங்களை உங்களிடம் தர வேண்டும். 57ஆம் பிரிவு, போட்ட புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் 3 மாத உத்தரவாதம் தருகிறது. இதையெல்லாம் எந்தப் பட்டறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்? கேட்டால் 'குப்பையில் போட்டாச்சு' என்று பதில் வரும். அதனால் வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். புது ஷெல் பெட்டியையும் கேளுங்கள்: கிரைண்டிங்குக்குப் பில் போட்டுவிட்டு, பெட்டியில் ஸ்டாண்டர்ட் அளவு என்று இருந்தால், பணம் கொடுக்காதீர்கள்.