முள்ளா, எண்ணா? பைக் மீட்டர் குறித்த வாசகர் கேள்விகள்

பைக்கின் மீட்டர் தொடர்பாக வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: புதிய பைக் வாங்க இருக்கிறேன். ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு மாடல்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் முள் மீட்டர், மற்றொன்றில் முழு டிஜிட்டல் திரை. டிஜிட்டல்தான் துல்லியமானது என்று ஷோரூமில் உறுதியாகச் சொல்கிறார்கள். நம்பலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: நம்ப வேண்டியதில்லை. துல்லியம் என்பது வேகத்தை அளக்கும் உறுப்பைப் பொறுத்தது. அளந்ததை முள்ளால் காட்டுகிறோமா, எண்ணால் காட்டுகிறோமா என்பது அதற்குப் பிறகு வரும் வேலை. நம் தந்தையர் ஓட்டிய வண்டிகளில் இவ்விரண்டும் ஒரே கருவிக்குள் இருந்ததால்தான் இந்தக் குழப்பம் வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற முறை அது. முன்சக்கரத்திலிருந்து வரும் கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சுற்றி அதைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது என்றாலும், சுழலும் காந்தப்புலம் கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் திரும்ப இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறி சமநிலை அடையும் இடத்தில், கிண்ணத்தோடு பொருத்திய முள் நிற்கும். மின்கலமோ மின்னணுவோ தேவைப்படாத அருமையான ஏற்பாடுதான். ஆனால் கேபிளில் கிரீஸ் உலர்ந்தால் முள் ஆடும், சுருள்வில் தளர்ந்தால் கணக்கு மாறும்.

இன்று விற்பனையாகும் பல முள் மீட்டர்களில் இந்தக் கிண்ணமும் காந்தமும் இல்லை. சக்கரத்தின் அருகிலோ கியர்பாக்ஸிலோ உள்ள சென்சார் அனுப்பும் துடிப்புகளை மின்னணுச் சுற்று எண்ணுகிறது. சிறு சிறு படிகளாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று முள்ளை அதற்கேற்ற இடத்துக்குத் திருப்புகிறது. அதாவது முகம் மட்டும்தான் பழையது. நீங்கள் பார்த்த மாடலில் சாவியைத் திருப்பியதும் முள் கடைசி எண் வரை ஓடித் திரும்பினால் அது இந்த வகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் உங்கள் இரண்டு மாடல்களும் அளக்கும் முறையில் ஒன்றுதான்.

இன்னொன்றையும் ஷோரூமில் சொல்ல மாட்டார்கள். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பதும், அதில் பத்து விழுக்காட்டோடு 4 கி.மீ. வரை கூட்டிக் காட்டலாம் என்பதும், பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39 வகுத்துள்ள அளவு. நீங்கள் உண்மையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது மீட்டர் 70 வரை காட்டினாலும் அது விதிக்கு உட்பட்டதே. எனவே நிறுவனங்கள் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படியே அமைக்கின்றன. டிஜிட்டல் திரை 63 என்று ஒற்றை எண் வரை சொல்வதால் அது துல்லியம் என்று தோன்றுகிறதே தவிர, அந்த 63-இலும் இந்தக் கூட்டல் அடங்கியிருக்கலாம். டயர் தேயும்போது அதன் சுற்றளவு குறைந்து, அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகமாகச் சுற்றுவதால், இரண்டு வகை மீட்டர்களும் வேகத்தை இன்னும் கொஞ்சம் மிகைப்படுத்தும்.

கேள்வி: துல்லியம் இருக்கட்டும். ஓட்டிக்கொண்டே பார்க்க எது வசதி? நண்பர்களுக்குள் இது ஓயாத விவாதமாக இருக்கிறது. (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: விவாதம் ஓயாததற்குக் காரணம், இரண்டு வேறு தேவைகளை ஒன்றாகப் பேசுவதுதான். 60 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடி கண்ணைத் தாழ்த்தினால் ஏறத்தாழ 17 மீட்டர் சாலையைப் பார்க்காமல் கடந்துவிடுகிறீர்கள். ஆகவே ஒரு மீட்டரின் தரம், அது எவ்வளவு விவரம் தருகிறது என்பதில் இல்லை. எவ்வளவு சீக்கிரம் உங்கள் கண்ணைச் சாலைக்குத் திருப்பி அனுப்புகிறது என்பதில்தான் இருக்கிறது.

முள்ளை நாம் படிப்பதில்லை. அது நிற்கும் சாய்வைப் பார்க்கிறோம். பழகிய வண்டியில் முள் நேர்மேலாக நின்றால் இன்ன வேகம் என்பது எண்ணைப் பார்க்காமலே தெரியும். அது மேலேறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு விரைவாக என்பதும் ஓரக்கண்ணிலேயே பிடிபட்டுவிடும். எண்ணுக்கு இந்தக் குணம் கிடையாது. 58, 61, 59 என்று மாறிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு முறையும் அதைப் படித்தே தீர வேண்டும். ஆனால் வேக வரம்பு 50 என்று பலகை வைத்திருக்கும் சாலையில், 48-ஆ 54-ஆ என்று அறிய வேண்டிய தருணத்தில், முள் மழுப்புவதை எண் ஒரே சொல்லில் சொல்லிவிடும்.

இதை எஞ்சின் சுழற்சி வேகத்துக்கு, அதாவது ஆர்.பி.எம்.-முக்கு, பொருத்திப் பாருங்கள். நிமிடத்துக்கு 6,340 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஓட்டுநர் என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது, எஞ்சின் தாண்டக் கூடாத வரம்பைக் குறிக்கும் சிவப்புக் கோட்டுக்கு இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது, அதை நோக்கி எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பது. அது முள்ளின் வேலை. ஓசூரில் இயங்கும் டி.வி.எஸ். நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த அப்பாச்சி ஆர்.டி.ஆர். 160-இல் ஆர்.பி.எம்.-முக்கு முள்ளும் வேகத்துக்கு எண்ணும் வைத்திருந்தார்கள். ஏறத்தாழ அதே காலத்துப் பல்சர்களிலும் இதே ஏற்பாடுதான். சாலையில் ஓட்டுவதற்கு இதைவிடச் சிறந்த பங்கீடு இன்றுவரை வரவில்லை என்பது என் கருத்து. பின்னர் வந்த முழு எல்.சி.டி. மீட்டர்களில் ஆர்.பி.எம்.-மைத் திரையின் விளிம்பில் குட்டிக் குட்டிக் கட்டங்களாக நறுக்கி வைத்தார்கள். விளம்பரப் படத்துக்கு அழகாக இருந்தது, வண்டியில் அதைப் பார்த்து கியர் மாற்றியவர்கள் குறைவு.

2021-இல் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இந்தப் பங்கீட்டைத் தலைகீழாக்கியது: வேகத்துக்கு முள், எரிபொருள் அளவுக்கும் கடந்த தூரத்துக்கும் சிறிய எல்.சி.டி. ஆர்.பி.எம். மீட்டரே கிடையாது. மெதுவாகச் சுழலும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் நிலையைக் காதே சொல்லிவிடும் என்பதால் அந்த வண்டிக்கு இது பொருந்துகிறது.

கைப்பேசித் திரைபோல் வண்ணப் படம் காட்டும் டி.எஃப்.டி. திரைகள் வந்தபின் இந்தச் சண்டைக்கே பொருள் குறைந்துவிட்டது. திரையில் முள்ளையும் வரையலாம், எண்ணையும் எழுதலாம். 2023-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் நான்கு அங்குல வட்டத் திரை அந்த வழியில் செல்வதுதான். விமானத்துறை இதை முன்பே செய்துவிட்டது. ஏர்பஸ் ஏ320-இன் விமானி அறைத் திரையில் வேகம் எண்களாலான நகரும் பட்டையாகத் தெரியும். இன்னும் சில வினாடிகளில் வேகம் எங்கே போய் நிற்கும் என்பதைக் காட்ட அதன் அருகே ஓர் அம்புக்குறி நீளும். எண் மட்டும் போதாது என்று அங்கும் கண்டுகொண்டார்கள்.

கேள்வி: என் பைக்கின் டி.எஃப்.டி. திரை நடுப்பகலில் மங்கலாகத் தெரிகிறது. கூலிங் கிளாஸ் அணிந்தால் முற்றிலும் கறுத்துவிடுகிறது. திரையில் கோளாறா? (வாசகர், வேலூர்)

பதில்: கோளாறு இல்லை, இவை இரண்டும் வேறுவேறு காரணங்களால் வருபவை. டி.எஃப்.டி. திரை தன் பின்விளக்கின் ஒளியால் மட்டுமே தெரிகிறது; அந்த விளக்கு வேலூர் வெயிலோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. வெளிர்ப் பின்னணியில் கறுப்பு எண்கள் தெரியும் பழைய வகை எல்.சி.டி. அப்படியல்ல, மேலே விழும் வெளிச்சத்தையே திருப்பி அனுப்பிப் பயன்படுத்துவதால் வெயில் ஏற ஏறத் தெளிவாகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எண்கள் காட்டும் எல்.சி.டி. பார்க்க நவீனமாக இருந்தாலும் வெயிலில் தடுமாறும்.

கண்ணாடி விஷயம் முனைவாக்கம் தொடர்பானது. எல்.சி.டி., டி.எஃப்.டி. இரண்டிலிருந்தும் வெளிவரும் ஒளி ஒரே திசையில் மட்டும் அதிரும். சாலையிலிருந்து தெறிக்கும் கூச்சத்தைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்ட போலரைஸ்டு கண்ணாடி, குறிப்பிட்ட ஒரு திசையில் அதிரும் ஒளியை மறித்துவிடும். இரண்டும் குறுக்காக அமைந்துவிட்டால் திரை இருண்டு போகும். தலையைச் சாய்த்துப் பார்த்தால் மீண்டும் தெரியும். போலரைஸ்டு அல்லாத சாதாரண நிறக் கண்ணாடிக்கு மாறுவதே எளிய தீர்வு. இனி வாங்கப் போகிறவர்கள் ஷோரூமின் குளிர்ந்த விளக்கொளியில் திரையை ரசித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல், வண்டியை வெளியே தள்ளிவரச் சொல்லி, தங்கள் ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் அணிந்து பார்ப்பது நல்லது.

கேள்வி: மழை பெய்தால் மீட்டருக்குள் பனி படர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. மாற்ற வேண்டுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படிவதுதான் இது, கொஞ்ச நேரம் ஓட்டியதும் தானே மறைந்தால் விட்டுவிடலாம். துளிகளாக நீர் தங்கினால் சீல் போய்விட்டது என்று பொருள். வாரண்டி இருக்கும்போதே காட்டிவிடுங்கள். வாட்டர் வாஷ் செய்பவரிடம் மீட்டர் மேல் பிரஷர் குழாயைத் திருப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: பழைய பைக் வாங்கப் பார்க்கிறேன். டிஜிட்டல் மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைத் திருத்த முடியாது என்கிறார் விற்பவர். (வாசகி, ஈரோடு)

பதில்: முடியும். கேபிள் மீட்டரில் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். டிஜிட்டலில் சென்சாரின் இணைப்பைக் கழற்றுகிறார்கள், அல்லது நினைவகச் சில்லில் பதிவான எண்ணையே மாற்றி எழுதுகிறார்கள். பழுதான மீட்டருக்குப் பதில் புதியது பொருத்தியதாலும் எண் குறைவாக இருக்கலாம். அப்படியென்றால் அதற்கான பில் இருக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் வண்டியின் பதிவு எண்ணைச் சொல்லி முந்தைய சர்வீஸ்களின் கிலோமீட்டர் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழப்பாகி, பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் விளிம்பு உருவாகியிருக்கும் வண்டியில் மீட்டர் பன்னிரண்டாயிரம் காட்டினால் மேற்கொண்டு விலை பேச வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் வெகு தொலைவு. பத்தாண்டு வைத்திருக்கும் எண்ணத்தோடு வாங்குபவருக்கு எது ஏற்றது? (வாசகர், கொல்லிமலை)

பதில்: உங்கள் நிலையில் நான் கேபிள் மீட்டர் உள்ள மாடலையே தேடுவேன். கேபிள் அறுந்தால் சில நூறு ரூபாய்க்குள் எந்த மெக்கானிக்கும் மாற்றிக் கொடுத்துவிடுவார். டிஜிட்டல் மீட்டரில் ஒரு பகுதி பழுதானாலும் பெரும்பாலும் முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டிவரும்; செலவு ஆயிரங்களில் போகும், அந்த மாடல் நின்றுபோன பிறகு உதிரி கிடைப்பதும் உறுதியில்லை. மின்னணு முள் மீட்டருக்கும் இதே நிலைதான் என்பதால், முள்ளைக் கண்டதும் ஏமாற வேண்டாம். முன்சக்கர மையத்திலிருந்து விரல் பருமனுக்குச் சற்றே குறைந்த கறுப்புக் கேபிள் ஒன்று மீட்டரின் அடிப்பகுதி வரை ஏறுகிறதா என்று பாருங்கள். பிரேக் காலிப்பருக்குப் போகும் குழாயையும் ஏ.பி.எஸ். சென்சாரின் மெல்லிய வயரையும் அதுவென்று எண்ணிவிடக் கூடாது.