‘என் சம்பளமே போதும்’ என்கிறார் கணவர்: ஜெர்மனியில் நானும் வேலைக்குப் போக முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 29. எம்.காம். முடித்து, கோவையில் ஒரு நூற்பாலையில் ஆறு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணவருக்கு ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் மென்பொருள் வேலை கிடைத்து, நீல அட்டை எனும் உயர்தகுதிப் பணி விசாவில் அடுத்த மாதம் செல்கிறார். மூன்று மாதம் கழித்து நான் போக வேண்டும். “என் சம்பளமே போதும், நீ நிம்மதியாக இரு” என்கிறார். எனக்கு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காது. அங்கே எனக்கு வேலை கிடைக்குமா? குழந்தையும் அங்கேயே பெற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம்.
— வாசகி, கோவை

பதில்: சட்டத்தில் உங்களுக்குத் தடையே இல்லை. நீல அட்டை வைத்திருப்பவரின் மனைவி அங்கே எந்த வேலைக்கும் போகலாம். விசாவுக்கு ஜெர்மன் மொழிச் சான்றிதழும் கேட்பதில்லை. இந்தச் சலுகைதான் பலரைக் கெடுக்கிறது. ‘அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம்’ என்று ஒரு எழுத்துகூடத் தெரியாமல் விமானம் ஏறிவிடுகிறார்கள்.

உங்கள் கணவர் அலுவலகத்தில் ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடுவார். உங்களால் முடியாது. மருத்துவர், செவிலியருக்குத் தேவைப்படும் தனி அனுமதி கணக்காளருக்கு அங்கே தேவையில்லை என்பது உண்மை. ஆனால் ரசீது, வரி அலுவலகக் கடிதம், கணக்கு மென்பொருளான டாட்டெஃப் என்று கையில் வருவதெல்லாம் ஜெர்மன்தான். ஏ1-இல் தொடங்கி ஏ2, பி1, பி2 என்று ஏறும் மொழித் தேர்ச்சி நிலைகளில், பெரும்பாலும் பி2 கேட்பார்கள். குடியேறியவர்களுக்காக அரசு மானியத்தில் நடக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பில் 600 மணி நேரம் மொழி கற்றுத் தருகிறார்கள். அதுவே பி1 வரைதான். எனவே கையிலிருக்கும் நான்கு மாதத்தில் கோவையிலேயே ஏ1 முடித்துவிடுங்கள். அங்கே போனபின் முதல் ஓராண்டு மொழிக்கு என்று இருவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டை ‘சும்மா இருந்த காலம்’ என்று பின்னாளில் யாரும் சொல்லிக்காட்டக் கூடாது.

அடுத்து, நான் பார்த்த தம்பதிகளில் அதிகச் சண்டையைக் கிளப்பிய விஷயம்: வரி வகுப்பு, அதாவது மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் பிரிவு. கணவன், மனைவி இருவருக்கும் தானாகக் கிடைப்பது நான்காம் வகுப்பு. கணவரின் அலுவலக நண்பர்கள், “மூன்று-ஐந்து என்று மாற்றிக்கொள், கையில் கூடுதலாக வரும்” என்பார்கள். வரும்தான். அவர் மூன்றுக்குப் போனால் நீங்கள் ஐந்துக்குத் தள்ளப்படுவீர்கள். நீங்கள் வேலைக்குப் போகாதவரை அதில் நஷ்டமில்லை. போகத் தொடங்கியதும் பாருங்கள், 3,000 யூரோ சம்பளத்தில் நான்காம் வகுப்பில் கிடைப்பதைவிட மாதம் முந்நூறு, நானூறு யூரோ குறைவாகக் கைக்கு வரும். அந்தச் சீட்டைப் பார்த்து, “இந்தக் காசுக்காகவா இவ்வளவு அலைச்சல்?” என்ற கேள்வி பிறக்கும். உண்மையில் உங்கள் வரியில் ஒரு பகுதி அவர் சம்பளத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆண்டு முடிவில் கூட்டுக் கணக்கு தாக்கல் செய்யும்போது எந்த வகுப்பானாலும் குடும்பத்தின் மொத்த வரி ஒன்றுதான். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் விளக்க வேண்டியிருக்கும்.

குழந்தை யோசனை இருப்பதால் இது இன்னும் முக்கியம். எல்டர்ன்கெல்ட் எனும் பெற்றோர் உதவித்தொகை, பேறுக்கு முந்தைய 12 மாத நிகரச் சம்பளத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அடிப்படைத் தொகையின் உச்சவரம்பு மாதம் 1,800 யூரோ. வேலையே பார்க்காதவருக்கு 300. ஐந்தாம் வகுப்பில் நிகரச் சம்பளம் சுருங்கினால் இதுவும் சுருங்கும். வரி வகுப்பை மாற்றுவதாக இருந்தால் பேறுகால விடுப்பு தொடங்குவதற்குக் குறைந்தது ஏழு மாதம் முன்பே மாற்றியாக வேண்டும். தள்ளிப்போட நேரமில்லாத காகித வேலை இது.

‘பிரசவத்துக்கு அம்மா வந்துவிடுவார்’ என்று நினைத்திருப்பீர்கள். வருகை விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்க முடியும். அதை ஈடுகட்ட ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: ஹெபாமெ எனும் மருத்துவச்சி, பிள்ளை பிறந்தபின் வீட்டுக்கே வந்து பார்ப்பார், செலவு காப்பீட்டைச் சேர்ந்தது. கர்ப்பம் உறுதியானதும் அவரைத் தேடத் தொடங்குங்கள், தாமதித்தால் கிடைப்பது கடினம்.

இன்னொன்று, கேட்கக் கசப்பாக இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் தங்கும் உரிமை கணவரோடு கட்டப்பட்டது. பொதுவாக அங்கே மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தபின்தான் அது தனியாக நிற்கும். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு முதல் மாதமே இருக்கட்டும்.

வீடு பார்க்கும்போது ஏமாறாதீர்கள்; பல வாடகை வீடுகளில் சமையலறை என்ற பெயரில் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் இருக்கும். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் உங்கள் செலவு. முன்பணம் மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். டிசம்பரில் நாலரை மணிக்கு இருட்டிவிடும், வீட்டில் தனியாக இருப்பவருக்கு அந்த இருட்டு கனமானது.

இனிமையையும் சொல்ல வேண்டும். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து வந்து ரைன் ஆற்றங்கரையில் இரண்டு மணி நேரம் நடக்கலாம். ஊரில் உங்கள் இருவருக்கும் அப்படி ஒரு மாலை வாய்த்ததுண்டா? வேலைக்காரம்மாவும் கிடையாது, மாமியாரும் பக்கத்தில் கிடையாது என்பதால் வெங்காயம் நறுக்காத ஆண் அங்கே பிழைக்க முடியாது. கோடையில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனால், ஈழத் தமிழர்கள் திரளாக வடம் பிடிப்பதைப் பார்க்கலாம்.

கணவர் முன்னால் போகிறார் அல்லவா, ஒரு வேலை சொல்லி அனுப்புங்கள். வீட்டு அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் இரண்டு பெயரையும் ஒட்டச் சொல்லுங்கள். அங்கே தபால்காரர் வீட்டு எண்ணை மட்டும் பார்த்துப் போடுவதில்லை. பெட்டியில் பெயர் இருக்க வேண்டும். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருப்பதால் கணவன் பெட்டியில் மனைவி பெயர் வராது. நாங்கள் போன முதல் மாதம் என் மனைவிக்கு வந்த வங்கி அட்டை, ‘முகவரியில் அப்படி யாரும் இல்லை’ என்று திரும்பிப் போனது. மறுபடி வரவழைக்க மூன்று வாரம் ஆயிற்று.