காரைக்குடி மேசை உங்கள் வீட்டில் என்ன செய்யும்?

வாசகியின் கேள்வி: சென்னை பெருங்குடியில் 2 படுக்கையறை அடுக்ககத்துக்குக் குடிபோகிறோம். மாலையில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வீணை சொல்லித் தருகிறேன். கணவருக்குச் சாய்வு நாற்காலி மேல் ஆசை, எனக்கு ஊஞ்சல். காரைக்குடிக்குப் போய்ப் பழைய மரச்சாமான் வாங்கலாம் என்றிருக்கிறோம். எங்கள் வீட்டுக்கும் எங்கள் சுபாவத்துக்கும் எது பொருந்தும்? ஏமாறாமல் வாங்குவது எப்படி? "யார் வீட்டில் யார் படுத்துக் கிடந்ததோ" என்று மாமியார் வேறு தயங்குகிறார்.

காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் நுழைந்ததும் முதல் ஒரு மணி நேரம் எதற்கும் விலை கேட்காதீர்கள். கண்ணில் படுவதெல்லாம் பிடிக்கும் தெரு அது. பர்மா, இலங்கை, மலாயா என்று தொழில் செய்த நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை கட்டிய வீடுகளிலிருந்து இறங்கிய சாமான்கள் அங்கே குவிந்திருக்கும். முகப்பு, பட்டாலை, வளவு என்று நீண்டுகொண்டே போகும் வீடுகள் அவை. அங்கே அடக்கமாக நின்ற அலமாரி, உங்கள் கூடத்தில் வந்து நின்றால் ஆளை முட்டும்.

அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை வைத்திருந்தவர் எப்படி உட்கார்ந்து இதைப் பயன்படுத்தினார்? அந்தப் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அது ஆறு மாதத்தில் சாவிக்கொத்தும் கரண்ட் பில்லும் போடுகிற இடமாகிவிடும். முப்பது வருடமாக இந்தச் சாமான்களைப் பழுது பார்த்து வருகிறேன். சுபாவத்துக்குப் பொருந்துவது என்றால் என் அனுபவத்தில் இதுதான்.

உங்கள் கடிதத்தில் வீணை என்று படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது கணக்குப்பிள்ளை மேசை. ஒன்று, ஒன்றேகால் அடி உயரம்தான் இருக்கும். சம்மணமிட்டு உட்கார்ந்து பேரேடு எழுதியவருக்காகச் செய்தது. மேல் மூடி சாய்வாக இருக்கும், ஏடு வழுக்கி விழாமல் கீழ் விளிம்பில் சின்னச் சட்டம் ஓடும். மூடியைத் தூக்கினால் உள்ளே காகிதம் வைக்க அறை, மைக்கூட்டுக்கு ஒரு குழி. நீங்களோ தினமும் தரையில் உட்கார்ந்து சொல்லித் தருகிறவர். ஸ்வரப் புத்தகம் அந்தச் சாய்வில் சரியாக நிற்கும், தந்தியும் மெழுகும் உள்ளே போய்விடும். அந்த மேசை செய்யப்பட்ட வேலையை உங்கள் வீட்டில் தொடர்ந்து செய்யும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

கணவரின் சாய்வு நாற்காலிக்கு வருவோம். கால் நீட்டி வைக்க நீண்ட கைகள் கொண்ட பிரம்பு நாற்காலி கம்பீரமானது, ஆனால் கையை விரித்தால் பாதிக் கூடம் போய்விடும். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது துணி போட்ட மடக்கு ஈஸி சேர். மடக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம், துணி கிழிந்தால் தையல்காரரே மாற்றித் தருவார். எதுவானாலும் அவர் கடையிலேயே பத்து நிமிடம் உட்காரட்டும். இந்த நாற்காலிகள் தாழ்வானவை. முட்டிவலி உள்ளவர் எழுந்திருக்கச் சிரமப்படுவார், மாமியாருக்கு இது ஆகாது.

ஊஞ்சல் விஷயத்தில் உங்களுக்கு வருத்தம் தரத்தான் போகிறேன். பழைய வீடுகளில் அது கனத்த மர உத்திரத்திலிருந்து தொங்கியது. அடுக்ககத்தில் கான்கிரீட் தளத்தைத் துளைத்துக் கொக்கி மாட்ட வேண்டும். நின்ற பாரம் வேறு, ஆடுகிற பாரம் வேறு. கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் அதில் கைவைக்கக் கூடாது. 6 அடிப் பலகை ஆட முன்னும் பின்னும் இரண்டரை, மூன்று அடியாவது வேண்டும். மாலையில் பிள்ளைகள் உட்காருகிற கூடத்தில் அந்த இடம் இருக்கிறதா? இந்த வீட்டுக்கு ஊஞ்சல் வேண்டாம்.

அப்புறம் டேப். லிஃப்ட் கதவின் அகலம், உள்ளே மூலைக்கு மூலை நீளம், வாசல் நிலை, படுக்கையறை நிலை, மாடிப்படித் திருப்பம் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பழைய கட்டில் பிடித்துவிட்டால் அதன் உள்ளளவையும் எடுங்கள்; இன்றைய மெத்தை அளவுக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது, மெத்தையைச் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

இனி ஏமாறாமல் இருக்கும் வழி. மேசையின் முகத்தைப் பார்க்காதீர்கள். இழுப்பறையை முழுசாக வெளியே உருவிக் கவிழ்த்துப் போடுங்கள். அடிப்பலகையில் விரலை ஓட்டினால், கையால் இழைத்த பலகையில் இழைப்புளி போன வழி மெல்லிய மேடு பள்ளமாகத் தட்டுப்படும். மூலையில் பலகைகள் சேருமிடத்தில் புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். கையால் அறுத்த பற்கள் ஒன்று போல் ஒன்று இருக்காது, ஆசாரி குறித்த கோடுகூடச் சில சமயம் தெரியும். எல்லாப் பல்லும் அச்சடித்தது போல இருந்தால் இயந்திர வேலை. பக்கவாட்டின் கீழ் விளிம்பு பல வருடம் இழுத்து மூடியதில் தேய்ந்திருக்க வேண்டும். தேயாத இழுப்பறை உள்ள "நூறு வருட" மேசையை நான் நம்பமாட்டேன். திருகாணியையும் பாருங்கள்: தலையில் நட்சத்திரம் போலக் குறுக்கு வெட்டு இருந்தால் அது 1930களுக்குப் பிறகு வந்த வகை. அதனால் மேசையே புதிது என்று ஆகிவிடாது, அந்த இடத்தில் பின்னால் கைபட்டிருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம்.

"பர்மா தேக்கு" என்று கடையில் சொல்லாத ஆள் இருக்கமாட்டார். பர்மா தேக்கும் 1840களிலிருந்து தோட்டம் போட்டு வளர்த்த நிலம்பூர்த் தேக்கும் ஒரே இனம்தான். மெருகேறிய பலகையை வெறுங்கண்ணால் பார்த்து எந்த ஊர் என்று உறுதியாகச் சொல்ல எனக்கே வராது. அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். வைரம் பாய்ந்த பகுதியில் செய்ததா, ஓரத்து வெள்ளை கலந்திருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி முதலில் இறங்குவது அந்த வெள்ளையில்தான். சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் பயப்பட வேண்டாம், பழசாக இருக்கலாம். அடியில் வெள்ளைத்தாள் விரித்து மரத்தைத் தட்டுங்கள். மாவு போலப் புதுத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

தயவுசெய்து புதுசு போல மாற்றி வாங்காதீர்கள். மேற்பரப்பை மெஷின் போட்டுத் தேய்த்து, பளபள பாலிஷ் அடித்துத் தரும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. பல வருடக் கையெண்ணெயும் வெளிச்சமும் சேர்த்துக் கொடுத்த நிறம் ஒரே மதியத்தில் போய்விடும், திரும்ப வராது. பழைய மெருகு பெரும்பாலும் அரக்கு. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், ஸ்பிரிட் பட்டால் கரையும். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைக்காதீர்கள், பலகை சுருங்கி வாய் பிளக்கும். கையிலிருக்கும் பணத்தில் கால் பங்கை வண்டிக்கும் பழுதுக்கும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

கோயில் தேரிலிருந்தோ வாகனத்திலிருந்தோ கழன்ற சிற்பத்துண்டுகளைக் காட்டினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருட்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கடைசியில் உங்கள் வாசலுக்கு வரும்.

மாமியாரின் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. முன்பின் தெரியாதவர் படுத்த கட்டிலில் படுக்கக் கூசுவது இயல்பு. கட்டிலை விட்டுவிட்டு மேசையோடு நிறுத்திக்கொண்டால் அவருக்குப் பாதிச் சங்கடம் தீரும். மீதிக்கு, காரைக்குடிக்கு டிக்கெட் போடும் முன் அவரிடமே கேளுங்கள்: அவர் பிறந்த வீட்டுப் பரணில் என்னென்ன கிடக்கிறது?