ஒரு கடைக்கு இரண்டு கணக்குப்பிள்ளை

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் புரோகிராம் கோப்புகளின் மாற்றங்களைக் கணக்கு வைக்க, பல வருடமாகச் சப்வெர்ஷன் (சுருக்கமாக எஸ்விஎன்) என்ற மென்பொருள்தான். மாற்றும் பேச்சே இல்லை. எனக்கோ அதே வேலையைச் செய்யும் கிட் (Git) பழகிவிட்டது. ஒரு மணி நேரம் கமிட் போடாமல், அதாவது செய்த மாற்றத்தைப் பதியாமல், வேலை பார்த்தால் கை பரபரக்கிறது. என் மெஷினில் மட்டும், சப்வெர்ஷன் ஃபோல்டருக்குள்ளேயே கிட்டையும் போட்டுக்கொள்ளலாமா? பக்கத்து சீட்காரர் ‘விபரீத ஆசை’ என்கிறார்.

பதில்: ஆசையில் தப்பில்லை. ‘உள்ளேயே’ என்கிறீர்களே, அங்கேதான் வில்லங்கம்.

முடியுமா என்றால், முடியும். சப்வெர்ஷனிலிருந்து செக்-அவுட் செய்த (இறக்கி வைத்த) ஃபோல்டரில் கிட் இனிட் அடித்துக் கிட்டைத் தொடங்கி, சப்வெர்ஷன் தன் கணக்கை வைத்திருக்கும் டாட் எஸ்விஎன் ஃபோல்டரைக் கிட்டின் எக்ஸ்க்ளூட் கோப்பிலும், டாட் கிட் ஃபோல்டரைச் சப்வெர்ஷனின் இக்னோர் பட்டியலிலும் சேர்த்துவிட்டால் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது. நானே சில மாதம் அப்படி ஓட்டியவன். கிட்டில் ஒரே பிராஞ்சில் (தனியாகப் பிரித்து வைக்கும் வேலைக் கிளை) இருக்கிறவரை தொல்லை இல்லை. ஆனால் பிராஞ்ச் மாறி மாறி வேலை பார்க்கத்தானே நமக்குக் கிட்? நீங்கள் பிராஞ்ச் மாறியது சப்வெர்ஷனுக்குத் தெரியாது. டிஸ்க்கில் என்ன கிடக்கிறதோ அதைத்தான் பார்க்கும்.

ஒருநாள் பரிசோதனை பிராஞ்சில் இருக்கிறோம் என்பதையே மறந்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, கோப்பின் பெயரைக் குறிப்பிடாமல் எஸ்விஎன் கமிட் அடித்தேன். அரைகுறையாக மாற்றி வைத்திருந்த பழைய கோப்புகள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. அவை நம்பியிருந்த புதுக் கோப்பு மட்டும் போகவில்லை. எஸ்விஎன் ஆட் செய்யாததைச் சப்வெர்ஷன் தொடாது. அப்டேட் எடுத்தவர்கள் எல்லோருக்கும் பில்ட் உடைந்தது, புரோகிராமே உருவாகவில்லை. அந்தக் கமிட்டின் செய்தி என்ன தெரியுமா? ‘எழுத்துப் பிழை திருத்தம்’.

ஆகவே இரண்டுக்கும் பாலம் போடும் கிட்-எஸ்விஎன்னுக்கு வாருங்கள். கிட் பிறந்தது 2005-ல். அடுத்த வருடமே இதுவும் வந்துவிட்டது. நம்மைப் போல நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அப்போதே இருந்தார்கள். தனி ஃபோல்டரில் கிட் எஸ்விஎன் க்ளோன் அடித்து ஒரு நகல் எடுங்கள். உங்கள் ரெப்போ (சப்வெர்ஷன் களஞ்சியம்) ட்ரங்க் எனும் முதன்மைக் கிளை, பிராஞ்சஸ், டேக்ஸ் என்ற வழக்கமான அமைப்பில் இருந்தால் ‘ஹைஃபன் எஸ்’ சேர்த்தால் போதும். ரிவிஷன் ரிவிஷனாக (பதிவான ஒவ்வொரு மாற்றமாக) இழுத்து வரும் என்பதால் பழைய ரெப்போ என்றால் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். பழைய வரலாறு வேண்டாம் என்றால் ‘ஹைஃபன் ஆர்’ கொடுத்துச் சமீபத்திய ரிவிஷனிலிருந்து தொடங்கலாம். தினப்படிக்கு இரண்டே கட்டளைதான். கிட் எஸ்விஎன் ரீபேஸ், மற்றவர்கள் போட்டதை இழுத்து வந்து உங்கள் கமிட்டுகளை அதன்மேல் அடுக்கும். டிகமிட், உங்கள் ஒவ்வொரு கமிட்டையும் ஒரு ரிவிஷனாகச் சப்வெர்ஷனில் ஏற்றும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். பேரேடு சப்வெர்ஷன். உங்கள் கிட் வெறும் சிட்டை. டிகமிட் ஆனதும் ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் ‘கிட்-எஸ்விஎன்-ஐடி’ என்று ஒரு வரி ஏறும். அதில் சப்வெர்ஷன் முகவரியும் ரிவிஷன் எண்ணும் இருக்கும். செய்தி மாறினால் கமிட்டின் அடையாள எண்ணான ஹாஷும் மாறும். அதாவது நீங்கள் போட்ட கமிட் வேறு, ஏறி வந்த கமிட் வேறு. இடையில் பழையதை ஒரு நண்பருக்குக் கிட்டிலேயே புஷ் செய்து அனுப்பியிருந்தால், அவரிடம் ஒரே மாற்றம் இரண்டு பெயரில் நிற்கும். பகிர்ந்துகொள்வதைச் சப்வெர்ஷன் வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பிராஞ்சுகளை இணைக்கும் மெர்ஜிலும் கை வைக்காதீர்கள், ரீபேஸே போதும். இந்த எச்சரிக்கையை நான் கேட்கவில்லை. வெளியீட்டுக்கான சப்வெர்ஷன் பிராஞ்சில் இருந்த திருத்தங்களைக் கிட்டில் ட்ரங்குக்கு மெர்ஜ் செய்தேன். நடுவில் ட்ரங்கில் யாரும் எதுவும் போடாததால் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆனது, அதாவது புதுக் கமிட் இல்லாமல் ட்ரங்க் அப்படியே அந்தத் திருத்தங்களின் முனைக்கு நகர்ந்தது. அதன்மேல் புது வசதி ஒன்றைக் கமிட் செய்து டிகமிட் அடித்தால், அது நேரே வெளியீட்டு பிராஞ்சில் போய் விழுந்தது! கிட்டின் பிராஞ்ச் பெயரை டிகமிட் மதிப்பதில்லை. வரலாற்றில் பின்னோக்கிப் போய், கடைசியாக எந்த கிட்-எஸ்விஎன்-ஐடி வரி இருக்கிறதோ அந்த முகவரிக்கே அனுப்புகிறது. அன்றிலிருந்து டிகமிட்டுக்கு முன் ‘ஹைஃபன் என்’ போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவேன். எதையும் அனுப்பாமல், எங்கே போகப்போகிறது என்பதை மட்டும் காட்டும். மூன்று வினாடி வேலை.

கேள்வி: கிட்-எஸ்விஎன் பயன்படுத்துகிறேன். பிராஞ்ச் மாறி மாறி வேலை பார்த்தபின் பார்த்தால், சப்வெர்ஷனில் இருந்த காலி ‘லாக்ஸ்’ ஃபோல்டரைக் காணோம். புரோகிராம் திறக்கும்போதே எரர் அடிக்கிறது. நான் எதையும் அழிக்கவில்லை!

பதில்: நீங்கள் அழிக்கவில்லை, நம்புகிறேன். சப்வெர்ஷன் ஃபோல்டரையும் கணக்கில் வைக்கும். கிட்டுக்குக் கோப்பு மட்டும்தான் கணக்கு. க்ளோன், ரீபேஸ் செய்யும்போது கிட்-எஸ்விஎன் காலி ஃபோல்டர்களைத் தானே உருவாக்கிவிடும். சாதாரண கிட் செக்-அவுட்டோ ரீசெட்டோ அந்த வேலையைச் செய்யாது. கிட் எஸ்விஎன் எம்கேடிர்ஸ் என்று ஒருமுறை அடியுங்கள், ‘லாக்ஸ்’ திரும்பி வந்துவிடும். அப்புறம், உங்கள் ரெப்போவில் எக்ஸ்டெர்னல்ஸ் (வேறு இடத்திலிருந்து இணைத்துக்கொண்டவை) இருந்தால் அவற்றையும் கிட்-எஸ்விஎன் இழுத்து வராது. தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.