14 வயதுப் பூனையை ஜெர்மனிக்குக் கூட்டிப்போகலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து குடிபோகும்போது கிழப்பூனை பயணத்தைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதைவிடச் சிறுநீரகத்தைப் பாருங்கள். வயசான பூனைக்குப் பெரும்பாலும் அடிவாங்குவது அதுதான். தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியானால் உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நோய் முற்றியிருந்தால் ஊரில் அம்மாவிடம் விட்டுப்போவதே நல்லது என்பேன்.

சரி, காகித வேலை. முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), அப்புறம்தான் ரேபிஸ் ஊசி. வரிசை மாறினால் ஊசி செல்லாது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து, அது வேலை செய்திருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. அதனால் டிக்கெட்டுக்கு அவசரப்படாதீர்கள்.

விமானத்தில் மயக்க மருந்து வேண்டாம், ரத்த அழுத்தம் இறங்கிவிடும். கூண்டை இப்போதே திறந்து வைத்து, அது படுக்கும் பழைய லுங்கியை உள்ளே போடுங்கள்.