நண்பனின் தம்பி ரஞ்சியில் ஆடினான். எனக்கு ஏன் வலிக்கிறது?

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எனக்கு 34 வயது. ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மனைவி, ஒரு மகள். படிக்கும் காலத்தில் கிரிக்கெட்டில் லெக் ஸ்பின், அதாவது மணிக்கட்டைச் சுழற்றி வீசும் சுழற்பந்து வீசுவேன். 19 வயதுக்குட்பட்டோர் மாவட்ட அணி வரை போனேன். கல்லூரி கடைசி வருடம் அப்பா தவறிவிட்டார். கிட் பையைப் பரணில் ஏற்றிவிட்டு வேலைக்குச் சேர்ந்தேன். அதற்காக அழுததாக நினைவில்லை, அழவும் நேரமில்லை.

என் நெருங்கிய நண்பனின் தம்பிக்கு இப்போது 22. நாங்கள் ஆடும்போது எல்லைக்கோட்டில் நின்று பந்து பொறுக்கிப் போட்டவன். வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் கூக்ளிப் பந்துக்கு மோதிர விரலைத் தையலில் எப்படி மடக்கிப் பிடிப்பது என்று அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் அவனுக்குக் காட்டியது நான்தான். சென்ற மாதம் தமிழ்நாடு அணிக்காக முதல் ரஞ்சிப் போட்டியில் ஆடினான். அவன் குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். ஆட்டத்துக்கு முன் வீரர்கள் வட்டமாக நின்று அவனுக்குத் தொப்பி கொடுத்தபோது, அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மதிய உணவுக்குப் பிறகு முதல் விக்கெட். கூக்ளிதான். பேட்ஸ்மேன் பந்து வெளியே போகும் என்று நம்பி ஆட, அது உள்ளே திரும்பிக் காலில் பட்டது. எல்லாரும் எழுந்து கத்தினார்கள். நானும் எழுந்து கைதட்டினேன். ஆனால் தொண்டை அடைத்துக்கொண்டது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் அவனுடைய ஒரே ஓவரில் இரண்டு சிக்ஸர் பறந்தன. அப்போது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஊரில் பாராட்டு விழா வைக்கிறார்கள். “முதல் குரு நீதான், நீ பேசியே ஆகவேண்டும்” என்கிறான் நண்பன். போவதா, வேண்டாமா? சரியாகத் தூங்கவே முடியவில்லை. நான் கெட்டவனா அம்மா?

– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

கெட்டவனா என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரம் வைப்போம். ‘இல்லை’ என்று நான் சொன்னால் இன்று இரவு தூக்கம் வரும். நாளைக்கு மறுபடியும் அதே கேள்வி வந்து நிற்கும்.

ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதைத்தான் ஆராய்ந்தார். நெருங்கியவர் ஜெயித்தால் நமக்குப் பெருமையும் வரலாம், குத்தலும் வரலாம். எது வரும் என்பது, அந்தத் துறையை நாம் எவ்வளவு நம்முடையதாக நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றார். அந்தப் பையன் வங்கித் தேர்வில் முதலிடம் வாங்கியிருந்தால் நீங்கள் தெருவெல்லாம் லட்டு கொடுத்திருப்பீர்கள். வேகப்பந்து வீசியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்பது என் ஊகம். ஆனால் அவன் வீசியது லெக் ஸ்பின், அதிலும் கூக்ளி, அதுவும் நீங்கள் மடக்கிக் காட்டிய விரலால்.

இன்னொன்று. ஊர் துக்கமாகவே ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று ஒன்று உண்டு. கென்னத் டோகா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே தொகுத்தார். பெரிய வீரர் ஓய்வு பெற்றால் சக வீரர்கள் தோளில் தூக்கி வலம் வருவார்கள். மாவட்ட அணியோடு நின்றுபோனவருக்கோ எது கடைசி ஆட்டம் என்றே தெரிவதில்லை. அப்பா போன வீட்டில் கிரிக்கெட்டுக்காக யார் அழ முடியும்? அன்று அழாததைத்தான் இப்போது மைதானத்தில் பொறாமை என்று நினைத்துப் பயந்துவிட்டீர்கள். பொறாமையும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய பங்கு துக்கத்துடையது.

ஒரு எச்சரிக்கை. ‘என் காலத்திலேயே டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) வந்திருந்தால்’ என்று மனம் கணக்குப் போடும். அது 2016இல்தான் தொடங்கியது. மாவட்டத்துப் பையன்கள் தொலைக்காட்சியில் தெரிய வழிசெய்தது என்பதும் உண்மை. ஆனாலும் அங்கிருந்து மேலே போனவர்கள் கொஞ்சம் பேர்தான். வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் 2015இல் ரஞ்சியில் அறிமுகமான கையோடு அவருடைய பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளப்பினார்கள். அதைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்து, இந்தியாவுக்காக ஆட 2020 டிசம்பர் ஆகிவிட்டது. நீங்கள் விடாமல் ஆடியிருந்தால் என்ன ஆகியிருப்பீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் ஆறுதல் சொல்பவர்களை நம்பாதீர்கள், சும்மா சொல்கிறார்கள்.

விழாவுக்குப் போங்கள். போகாவிட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்; சொல்லும் பொய் உங்களை இன்னும் அரிக்கும். மேடையில் குரு வேடம் வேண்டாம். மொட்டை மாடியில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். அந்தச் சிக்ஸர் விஷயத்தைப் பையனிடம் எந்தக் காலத்திலும் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு ரஞ்சி ஆடியவனுக்கு அடுத்த போட்டியில் இடம் நிச்சயமில்லை. அவன் பயம் அவனுக்கு. மனம் திறக்கிறேன் என்று நம் பாரத்தை 22 வயதுப் பையன் தலையில் இறக்குவது நியாயமில்லை.

பரணில் இருக்கும் பையை இறக்குங்கள். மாவட்ட லீக்கின் கீழ் டிவிஷன்களில் உங்கள் வயதுக்காரர்களும் ஆடுகிறார்கள். தோள் வலிக்கும், பந்து பாதியில் குத்தும், பரவாயில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அப்பா பந்து வீசி அவள் பார்த்ததே இல்லை அல்லவா? இத்தனைக்குப் பிறகும் தூக்கம் சரியாகாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நண்பரிடம் மட்டும், விழாவுக்கு முன்பே, “அன்று டீ குடிக்கப் போகவில்லை, எனக்கு என் ஆட்டம் ஞாபகம் வந்துவிட்டது” என்று சொல்லிவிடுங்கள். அவருடைய அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள்.